சினூக்கை எதிர்பார்த்து நின்ற மாடு

ஒரு காற்றைப் பற்றிக் கற்பிக்கப் போய் ஒரு சித்திரக்காரரை அறிந்துகொண்டவன் நான். உயர்தர வகுப்பிலே புவியியல் கற்பிப்போர் யாவரும் உள்ளூர்க் காற்றுகள் என்ற பகுதியைக் கடந்தே ஆகவேண்டும். அல்ப்ஸ் மலையடிவாரத்துக்குப் போன் காற்று. வட அமெரிக்காவின் றொக்கி மலையடிவாரத்துக்குச் சினூக் காற்று. நமது கிழக்கிலங்கைக்குக் கச்சான். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஈரக்காற்று மலையின் ஒரு பக்கத்தில் ஏறும்போது மழையைச் சொரிந்துவிடுகிறது. மறுபக்கத்தில் இறங்கும்போது, ஈரம் போய்விட்டபடியால், ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை செல்சியஸ் வீதம் சூடேறிக்கொண்டே வருகிறது. அடிவாரத்தை வந்தடையும்போது அது உலர்ந்த வெப்பக்காற்று.

இத்தனையும் பாடநூலிலே இருக்கிறது. ஆனால் பாடநூல் சொல்லாத ஒன்று உண்டு. ஒரே குடும்பத்துக் காற்று ஓரிடத்தில் சாபமாகவும் இன்னோரிடத்தில் வரமாகவும் இருக்கும் என்பதே அது. ஆனி, ஆடி மாதங்களில் மலைநாட்டைக் கடந்து கச்சான் இறங்கினால் எங்கள் பகுதியிலே புல் கருகும். பட்டிக்காரர் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு குளத்தோரங்களைத் தேடிப்போவர். அதே இயல்புடைய சினூக்கையோ மொன்டானா மாநிலத்து மாட்டுக்காரர்கள் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தனர். உறைபனிக் காலத்தின் நடுவிலே அது வந்து பனியை உருக்கி, அடியிலே கிடக்கும் புல்லை மாடுகளுக்குத் திறந்துவிடும். அந்த மாநிலத்திலுள்ள லோமா என்னும் சிற்றூரில் 1972-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சினூக் வீசியபோது, பூச்சியத்துக்குக் கீழே 48 பாகையில் கிடந்த வெப்பநிலை ஒரே நாளில் பூச்சியத்துக்கு மேலே 9 பாகைக்கு உயர்ந்தது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் உலகில் எங்கும் பதிவாகாத மாற்றம் அது.

இந்தக் காற்றை மாணவருக்கு மனத்திற் பதிய வைப்பதற்கு ஒரு படம் தேடினேன். அம்புக்குறிகள் இட்ட மலைப்படங்கள் நூறு கிடைத்தன. அவற்றுக்கிடையே, அம்புக்குறி எதுவுமில்லாத ஒரு சின்னஞ்சிறு நீர்வர்ணச் சித்திரமும் அகப்பட்டது. பனிவெளியிலே ஒற்றை மாடு நிற்கிறது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். முதுகு கூனி, தலை தாழ்ந்து, கால்கள் ஒன்றோடொன்று ஒடுங்கி நிற்கின்றன. சுற்றிலும் ஓநாய்கள், அவசரமில்லாமல், நேரம் வரட்டும் என்பதுபோலக் காத்திருக்கின்றன. சித்திரத்தின் பெயர் 'சினூக்கை எதிர்பார்த்து'. வரைந்தவர் பெயர் சார்ள்ஸ் மரியன் ரசல். வரைந்தபோது அவர் ஒரு மாட்டுப்பண்ணைக் கூலியாள். வயது இருபத்துமூன்றுகூட நிரம்பவில்லை.

அந்தச் சித்திரம் பிறந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1886-ஆம் ஆண்டின் கோடை மொன்டானாவில் வறண்டு போயிற்று. வேலியற்ற புல்வெளியிலே அளவுக்கு மிஞ்சிய மாடுகள். மேய்ந்து தேய்ந்த நிலம். பண்ணை முதலாளிகளிற் பலர் தூரத்து நகரங்களில் இருந்தனர். மாரிக்கென்று வைக்கோல் சேர்த்து வைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மாடு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய பொருளாதாரம். அவ்வாண்டு பனி முந்தி வந்தது. சற்று உருகி, மீண்டும் உறைந்து, புல்லின் மேலே கண்ணாடித் தகடுபோல் இறுகிற்று. அதன்மேல் புயல்கள். குளம்பால் உடைக்க முயன்ற மாடுகளின் கால்கள் வெட்டுண்டன. பண்ணைகள் சிலவற்றில் பாதிக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன.

ஜூடித் ஆற்றுப் படுகையில் ஒரு பண்ணையிலே அந்த மாரியை ரசல் கழித்துக்கொண்டிருந்தார். ஹெலினா நகரிலிருந்த முதலாளி ஒருவர், மாடுகள் எவ்வாறிருக்கின்றன என்று கேட்டு எழுதியிருந்தார். பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் பதில் எழுத உட்கார்ந்தார். இத்தனை ஆயிரம் மாடுகளிலே இத்தனை மிஞ்சும், இத்தனை மிஞ்சாது என்று எப்படித்தான் எழுதுவது? அருகில் இருந்த ரசல் தபாலட்டை அளவான கடதாசித் துண்டொன்றில் அந்த மாட்டை வரைந்தார். அதைப் பார்த்த பண்ணைக்காரர், இனிக் கடிதம் வேண்டியதில்லை என்று சித்திரத்தையே அனுப்பிவிட்டார். ஹெலினாவில் அது கைக்குக் கை மாறிற்று. கணக்குக் கேட்டவர்களுக்குக் கணக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெயரில்லாத கூலியாளுக்குப் பெயரும் வந்தது.

நான் இச்சித்திரத்தை வகுப்பிலே காட்டியபோது, முன்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "சேர், மாடு எங்களைப் பார்க்கவில்லையே" என்றாள். உண்மை. அது நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. ஓநாய்களையும் பார்க்கவில்லை. எதையும் பார்க்கும் நிலையை அது கடந்துவிட்டது. பட்டினியைக் கண்ணால் கண்ட கை வரைந்த சித்திரம் அது.

ரசல் 1864-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் திகதி மிசூரி மாநிலத்துச் செயின்ற் லூயிஸ் நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பமன்று, தீச்செங்கல் உற்பத்தியில் செல்வம் சேர்த்த குடும்பம். பாட்டி வழியில் பென்ற் சகோதரர் என்று மேற்கு எல்லைப்புறத்தில் பேர்பெற்ற வணிகர்கள் உறவு. அவர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த பையனுக்குப் பள்ளிக்கூடம் கசந்தது. கொப்பிகளின் ஓரமெல்லாம் குதிரைகள். களிமண் கிடைத்தால் விலங்குகள். தகப்பனார் நியூ ஜேர்சியில் ஓர் இராணுவப் பள்ளியிலே சேர்த்துப் பார்த்தார், அங்கும் நிலைக்கவில்லை. ஈற்றில், மேற்கே போய் ஒருமுறை துன்பப்பட்டு வந்தால் பித்தம் தெளியும் என்று நினைத்து, 1880-ல், பதினாறு வயது நிறையும் வேளையில், தெரிந்தவர் ஒருவரோடு மொன்டானாவுக்கு அனுப்பிவைத்தார். பையன் தெளியவில்லை, மொன்டானாவே வீடாயிற்று.

ஆட்டுப்பண்ணையில் வேலைக்குப் போனவர் அந்த வேலையில் நெடுநாள் இருக்கவில்லை. ஆடுகளைத் தொலைப்பதில் வல்லவராயிருந்தார் என்பது பிற்காலத்தில் அவரே தம்மைப் பற்றிச் சொல்லிச் சிரித்த செய்தி. கையில் காசின்றித் திரிந்த சிறுவனை ஜேக் ஹூவர் என்னும் வேட்டைக்காரர் தம் மரக்குடிலுக்கு அழைத்துச் சென்றார். மான், மலையாடு, கரடி முதலியவற்றை வேட்டையாடி, குடியேறிகளுக்கு இறைச்சி விற்பது அவருடைய தொழில். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ரசல் அவரோடு இருந்தார். சுடுவதில் அவருக்கு நாட்டமில்லை. தோலுரிப்பதற்கும் இறைச்சியைப் பொதியேற்றுவதற்கும் உதவினார். எந்தத் தசை எந்த எலும்பிலே பிடித்திருக்கிறது, ஓடும் மானின் முன்னங்கால் எவ்விடத்தில் மடிகிறது, கரடி எழுந்து நிற்கும்போது பாரம் எங்கே விழுகிறது என்பனவற்றை அவர் அங்கேதான் படித்தார். கலைக்கல்லூரிகளிலே உடற்கூற்றியல் என்று பெரிய பெயரிட்டுக் கற்பிக்கும் பாடம் அது.

1882-ல் மாட்டுப்பண்ணைகளில் இராக்காவல் வேலை கிடைத்தது. பகலெல்லாம் சவாரிக்குப் பயன்பட்ட குதிரைகளை இரவில் மேயவிட்டுக் காத்து, விடியும்போது முகாமுக்கு ஓட்டிவர வேண்டும். கௌபோய்களுக்குள்ளே மதிப்புக் குறைந்த வேலை. கயிறு எறிவதிலும் முரட்டுக் குதிரையை அடக்குவதிலும் தாம் கெட்டிக்காரர் அல்லர் என்பதை ரசல் மறைத்ததில்லை. ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார். இதைப் படித்தபோது, முன்னேற விரும்பாத மனிதர்போலும் என்று தோன்றக்கூடும். ஆனால் இராக்காவலனுக்குப் பகல் சொந்தம். மற்றவர்கள் வேலை செய்யும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கைச் சுருளுக்குள்ளே, ஒரு காலுறையிலே தூரிகைகளையும் வர்ணங்களையும் சுருட்டி வைத்திருந்தார். கையிலோ சட்டைப்பையிலோ எப்போதும் மெழுகுத் துண்டொன்று இருக்கும். நண்பரோடு கதைத்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே அதை ஒரு குதிரையாகப் பிசைந்துவிட்டு, அடுத்த கணம் நசுக்கி மறுபடியும் உருண்டையாக்கிவிடுவார்.

இவ்விடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல நேர்கிறது. நான் அந்தச் சித்திரத்தைக் காட்டிய சில கிழமைகளின் பின், மாணவன் ஒருவனின் தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். துறைமுகப் பக்கத்தில் வேலை செய்யும் மனிதர். வியர்வை காயாத சட்டையோடு நேரே வந்திருந்தார்.

"சேர், இவன் உயர்தரத்துக்குச் சித்திரம் எடுக்கப் போறானாம். கேட்டால், யாரோ ஒரு வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் போகாமலே பெரிய ஆளாய் வந்தவனாம், சேர்தான் சொன்னவராம். நாங்கள் என்ன செய்யிறது?"

பையன் கதவோரத்தில் நின்றான். அவனுடைய கொப்பியின் ஓரங்களை நான் கண்டிருக்கிறேன். தோணிகளும் காகங்களும் நிறைந்திருக்கும். திறமை இருந்தது. தகப்பனாரின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. மூன்று பாடங்களின் பெறுபேற்றிலே ஒரு குடும்பத்தின் பத்து வருட உழைப்புத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து நரைத்த தலை என்னுடையது. திறமைக்குப் படிப்பு வேண்டாம் என்று பையன் விளங்கிக்கொண்டது ஒரு பக்கம். படிப்பென்றால் வகுப்பறை மட்டுமே என்று தகப்பனார் நினைத்தது மறுபக்கம். இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல முடிந்தது. ரசலின் ஆண்டுகளை அவர்கள் முன்னே எண்ணிக் காட்டினேன்.

1880-ல் மொன்டானாவுக்கு வந்தவர், குதிரைக் காவலை விட்டுத் தூரிகையையே தொழிலாகக் கொண்டது 1893-ல். இடையிலே பதின்மூன்று ஆண்டுகள். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளிலும் அவர் ஒரு நாளேனும் படிக்காமல் இருந்தவரல்லர். வேட்டைக்காரர் ஒருவர் ஆசிரியர். இறந்த மான் பாடநூல். குளிரிலே விழித்திருந்த இரவுகள் பள்ளி. 1888-ல் எல்லை கடந்து கனடாவின் அல்பேர்ட்டாப் பகுதியில் தங்கி, அங்குள்ள பிளாக்ஃபுட் இனத்துப் பழங்குடியினரோடு பழகி, அவர்களுடைய சைகை மொழியையும் உடையையும் குதிரை அணியையும் கற்றார். அதன் பின்னரும் அவருடைய வர்ணம் தெளிவடையப் பல ஆண்டுகள் சென்றன. முற்காலத்து எண்ணெய் வர்ணச் சித்திரங்களைப் பார்த்தால், குதிரை உயிரோடு துள்ளும். வானமும் நிலமும் சேறுபோல் மங்கிக் கிடக்கும். அந்தக் குறை நீங்கியது எப்போது? 1903-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்குக்குப் போய், ஜோன் மார்ச்சண்ட் முதலிய சித்திரக்காரரின் தொழிற்கூடத்தில் ஓர் இடம் பெற்று, அவர்கள் வர்ணம் கலப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது. அப்போது அவருக்கு ஏறக்குறைய நாற்பது வயது. தானாகக் கற்றவர் என்று உலகம் புகழ்ந்த மனிதர், நாற்பது வயதிலே தம்மிலும் இளையவர்களிடம் கற்பதற்குக் கூச்சப்படவில்லை.

"அப்ப, இவன் என்ன பாடம் எடுக்கிறது?" என்றார் தகப்பனார். அவர் விடுகிறவராயில்லை.

சித்திரத்தோடு புவியியலையும் எடுக்கட்டும் என்றேன். என் பாடத்துக்கு ஆள் சேர்ப்பதாக அவர் நினைத்திருக்கவும் கூடும். பையனிடம் தனியாக ஒன்று சொன்னேன்: நிழற்படத்தைப் பார்த்து வரைவதை ஆறு மாதத்துக்கு நிறுத்து. அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுப்பட்டிகளுக்குப் போகிறான் என்று கேள்வி. சித்திரக்காரனாக வருவானோ, எழுதுவினைஞனாக வருவானோ, யான் அறியேன். மாட்டின் பின்னங்கால் எப்படி மடிகிறது என்பது அவனுக்கு இப்போது தெரியும்.

ரசலின் கதையிலே தானாகக் கற்றவர் என்ற சொல்லைச் சோதிக்கும் இன்னொருவரும் உண்டு. அவர் நான்சி கூப்பர். கென்றக்கியிலே பிறந்து, பதினாறு வயதளவில் தாயை இழந்து, கஸ்கேட் என்னும் ஊரில் ஒரு வீட்டிலே பணிப்பெண்ணாக இருந்தவர். 1896-ல் ரசலை மணந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது, ரசலுக்கு முப்பத்திரண்டு. மறு ஆண்டு இருவரும் கிறேற் போல்ஸ் நகருக்குக் குடிபோனார்கள். ரசல் தம் சித்திரங்களை மதுச்சாலை நண்பர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார். விற்றாலும் பத்து டொலர், இருபத்தைந்து டொலர். விலை கேட்கும்போது அவருக்கு நாக்கு எழாது. நான்சிக்கு எழுந்தது. அவர் சொன்ன விலைகளைக் கேட்டு ரசல் வெட்கப்பட்டு ஒதுங்கினார். செத்துப்போன பெரிய ஓவியர்களுக்குரிய விலை அல்லவா இது என்று வேடிக்கை பேசினார். வாங்குகிறவர்கள் ஒதுங்கவில்லை. 1911-ல் நியூயோர்க்கிலும் 1914-ல் லண்டனிலும் தனிக் காட்சிகள் நடந்தன. பகல் வேளையில் கூட்டாளிகள் வந்து கூப்பிட்டால், வேலை முடியாமல் அவரை வெளியே விடுவதில்லை என்று நான்சிமீது அக்கூட்டாளிகளுக்கு நெடுநாள் மனத்தாங்கல். எனினும் ரசல் பிற்காலத்தில் குடியை அடியோடு விட்டதற்கும், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இன்று எஞ்சியிருப்பதற்கும் அந்தப் பெண்ணின் கண்டிப்புக்குப் பெரும் பங்குண்டு. கணக்குப் படிக்காத அவரும் வணிகத்தைத் தானாகவே கற்றவர். அவரைப் பற்றி ஏன் எவரும் அப்படிச் சொல்வதில்லையோ தெரியவில்லை.

அக்காலத்தில் மேற்கைத் தீட்டியவர்களுள் மிகப் பெயர்பெற்றவர் பிரெடரிக் றெமிங்ரன். அவர் கிழக்கு மாநிலத்தவர். யேல் பல்கலைக்கழகத்தின் ஓவியப் பள்ளியில் பயின்றவர். கையின் தேர்ச்சி என்று பார்த்தால் றெமிங்ரனை முதலில் வைப்போர் பலர். அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் றெமிங்ரனின் சித்திரங்களில் நாம் பெரும்பாலும் படைவீரனின் பக்கத்தில் நிற்கிறோம். ரசலின் சித்திரங்களில் எத்தனையோ முறை மறுபக்கத்தில் நிற்கிறோம்.

இதற்குப் பெரிய சான்று ஹெலினாவில், மாநிலப் பிரதிநிதிகள் சபை மண்டபத்தில், சபாநாயகரின் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஏறக்குறைய 25 அடி அகலமும் 12 அடி உயரமுமுள்ள சித்திரம். 1912-ல் ஐயாயிரம் டொலருக்கு வரைந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், தொலைபேசிக் கம்பங்களை அடுக்கி 1903-ல் கட்டிய மரக்குடில்தான் அவருடைய தொழிற்கூடம். இந்தச் சித்திரத்துக்காக அதன் கூரையை உயர்த்த வேண்டியிருந்தது. பொருள், 1805-ல் லூயிஸ், கிளார்க் என்னும் ஆய்வுப் பயணிகள் சேலிஷ் இனத்தவரைச் சந்தித்த நிகழ்ச்சி. அமெரிக்க வரலாற்று நூல்களில் இவ்விருவரே நாயகர். சட்டம் இயற்றுவோரும் அவர்களைத்தான் எதிர்பார்த்திருப்பர். ரசல் என்ன செய்தார்? நடுவிலும் முன்னிலும் சேலிஷ் வீரர்களைக் குதிரைகளோடு, புழுதி பறக்க, அகன்ற வெளியெங்கும் நிறைத்தார். லூயிசையும் கிளார்க்கையும் வலப்புறத்திலே, பின்னுக்கு, சிறியவர்களாக நிறுத்திவிட்டார். வந்தவர்கள் ஓரத்தில், இருந்தவர்கள் நடுவில். அந்தச் சித்திரத்தின் கீழே இருந்துகொண்டுதான் இன்றும் அம்மாநிலத்துக்குச் சட்டம் செய்கிறார்கள்.

இதைச் சித்திரத்தோடு மட்டும் அவர் விடவில்லை. நிலமின்றி மொன்டானா நகரங்களின் ஓரங்களில் அலைந்த சிப்பெவா, கிறீ இனத்தவர்களுக்கு ஓரிடம் கிடைக்கவேண்டும் என்று நண்பர் பிராங்க் லிண்டர்மன் பாடுபட்டபோது ரசலும் குரல் கொடுத்தார். 1916-ல் றொக்கி போய் ஒதுக்கிடம் ஏற்பட்டது. பிற்காலத்தில் கிறேற் போல்ஸ் நகரின் வணிகப் பிரமுகர்கள் அவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, முன்னோடி என்று போற்றியபோது, அவர் எழுந்து, முன்னோடிகள் என்போர் செய்ததெல்லாம் விலங்கைக் கொன்று புல்லை உழுது நிலத்தைக் கெடுத்ததே என்றும், இந்நாடு முன்பிருந்தபடியே இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விருந்துக்கு அழைத்தவர்கள் எப்படிக் கைதட்டினார்களோ!

அவர் இப்படிப் பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. வட அமெரிக்கப் புல்வெளியிலே ஒருகாலத்தில் பைசன் என்னும் காட்டெருமைகள் கோடிக்கணக்கில் வாழ்ந்தன. ரசல் வந்த 1880-ல், ஜூடித் படுகையிலே அவற்றின் இறுதிக் கூட்டங்களே எஞ்சியிருந்தன. சில ஆண்டுகளுக்குள் அவையும் தோலுக்காகக் கொல்லப்பட்டு முடிந்தன. 1889-ல் வில்லியம் ஹோர்னடே கணக்கெடுத்தபோது அக்கண்டம் முழுவதிலும் ஆயிரத்தைச் சற்றே கடந்த எண்ணிக்கைதான் மிஞ்சியிருந்தது. பைசன்கள் ஒழிந்த வெளியைத்தான் மாடுகள் நிரப்பின. அந்த மாடுகளின் கூலியைத்தான் ரசல் உண்டார். பின்னர் 1886-87 மாரி மாடுகளையும் சாய்த்தது. அதன்பின் முள்வேலியும் ஏரும் வந்தன. ஒரு மனிதனின் இளமைக்குள்ளே ஒரு நாடு இரண்டு முறை அழிந்துபோயிற்று. அதற்கு அவரும் உடந்தை. அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தம் கையொப்பத்தின் பக்கத்தில் ஒரு பைசனின் மண்டையோட்டை வரைவதை வழக்கமாக்கிக்கொண்டார். வாழ்நாள் முழுதும் ஒவ்வொரு சித்திரத்தின் மூலையிலும் அந்த எலும்பு.

ஆகையினால் அவருடைய விலங்குச் சித்திரங்களை வேட்டைப் பிரியரின் அலங்காரப் படங்களாக நான் காண்பதில்லை. 1914-ல் ஹெலினாவின் மொன்டானாக் கழகத்துக்காக வரைந்த சித்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிலம் கடவுளுடையதாயிருந்தபோது என்ற பொருள்படப் பெயரிட்டிருக்கிறார். மிசூரி ஆற்றைக் கடந்த பைசன் கூட்டம் கரையேறி நம்மை நோக்கி வருகிறது. முன்னே வரும் காளையின் தோள்மயிரில் ஒளி விழுகிறது. பின்னால், ஆற்றிலே இன்னும் எண்ணற்றவை. ஓரத்தில் ஓநாய்கள் பதுங்குகின்றன. அவற்றையும் அந்நிலத்துக்குரிய குடிகளாகவே வைத்திருக்கிறார், வில்லர்களாக வைக்கவில்லை. மனிதன் ஒருவனேனும் இல்லை. 1880-ல் வந்தவர் இத்தகைய பெருங்கூட்டத்தை முழுமையாகக் கண்டிருக்க வழியில்லை. 1908-லும் 1909-லும், மிஷேல் பாப்லோ என்பவர் வளர்த்த பைசன்களைக் கனடா அரசு வாங்கி, அவற்றைப் பிடித்து அனுப்பியபோது, அந்தப் பணியைக் காண ரசல் சென்றிருந்தார். விற்கப்பட்டு வண்டியேறிய பைசன்களைப் பார்த்துவிட்டு வந்து, விற்பனைக்கு முந்திய உலகத்தைத் தீட்டினார்.

ஆயினும் எப்போதும் ஒப்பாரி வைத்தவரல்லர் அவர். நகைச்சுவை அவருடைய இரத்தத்தில் இருந்தது. 1915-ல் வரைந்த ஒரு சித்திரத்தில், வேட்டைக்காரன் ஒருவன் மலையாட்டைக் குறிதவறாமல் சுட்டுவிட்டான். ஆடோ கையெட்டாத பாறைவிளிம்பிலே போய் விழுந்து கிடக்கிறது. பனியிலே நின்று தலையைச் சொறிகிறான். 'சட்டியில் விழும்வரை இறைச்சி இறைச்சியன்று' என்பது அதன் பெயர். இந்த ஒரு சித்திரத்தை வீட்டில் என் பிள்ளைகள் பார்த்துச் சிரித்த அளவுக்கு, என் பாடங்கள் எதற்கும் அவர்கள் முகம் மலர்ந்ததில்லை.

நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்னொரு செல்வம். பாதி எழுத்து, பாதி நீர்வர்ணச் சித்திரம். எழுத்துப்பிழைகளுக்கோ வரம்பில்லை, நிறுத்தக்குறி என்ற ஒன்று உலகில் இருப்பதையே அவர் பொருட்படுத்தவில்லை. பரீட்சை விடைத்தாள் திருத்துபவர் கையிலே அகப்பட்டால் சிவப்பு மை போதாது. அவர் இறந்து மூன்று ஆண்டுகளின் பின், 1929-ல், நான்சி அக்கடிதங்களைத் திரட்டி வெளியிட்டபோது பிழைகளைத் திருத்தவில்லை. அதற்கு முன்னுரை எழுதியவர் அவருடைய நண்பரும் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகருமாகிய வில் றோஜர்ஸ்.

அவருடைய பெயர் பின்னாளில் பெரிய இடங்களுக்குச் சென்றது. 1959-ல் வாஷிங்ரன் நகரில், மாநிலங்கள் தத்தம் பெருமக்களின் சிலைகளை வைக்கும் மண்டபத்திலே மொன்டானா அவருடைய சிலையை நிறுத்தியது. முதன்முதலாக அனுப்பும் சிலைக்கு ஆளுநரையோ தளபதியையோ தெரியாமல் ஒரு சித்திரக்காரரைத் தெரிந்தது. 1963-ல், மிசூரி ஆற்றை ஒட்டிய பத்து இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட வனவிலங்குப் புகலிடம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இவ்விரண்டில் அவர் எதை விரும்பியிருப்பார் என்று மாணவரைக் கேட்டால், பின்வரிசையும் ஒரே குரலில் விடை சொல்கிறது.

மோட்டார் வண்டிமீது அவருக்கு ஆயுள் முழுதும் வெறுப்பு. ஊரெல்லாம் அதிலே ஓடத் தொடங்கிய பிறகும், நான்சி ஒன்று வாங்கிய பிறகும், நாற்றமடிக்கும் வண்டி என்று ஏசிக்கொண்டு குதிரையிலேயே திரிந்தார். 1926-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் திகதி இரவு, கிறேற் போல்ஸ் வீட்டில், இருதயம் நின்று காலமானார். வயது அறுபத்திரண்டு. தம் உடலை மோட்டாரில் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் ஏலவே சொல்லி வைத்திருந்த விருப்பம். அதற்குள்ளே நகரத்தில் குதிரை பூட்டிய பிரேத வண்டி வழக்கொழிந்து போயிருந்தது. பழையதொன்றைத் தேடி எடுத்துத் தூசு துடைத்துக் குதிரைகளைப் பூட்டினார்கள். அன்று பிள்ளைகள் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடங்களை விட்டிருந்தார்கள். வீதியின் இருமருங்கிலும் அவர்கள் நிற்க, குதிரைகள் மெல்ல நடந்து போயின.